கதவைத் திறந்தும் மூடியும் வளர்ந்த நாடு: யப்பானின் கதை

ஆசியக் கண்டத்தின் கிழக்கு விளிம்பில், பசுபிக் சமுத்திரத்தை நோக்கி வில்போல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டமே யப்பான். அந்நாட்டு மக்கள் தமது நாட்டை நிப்பொன் என்றும் நிஹொன் என்றும் அழைக்கின்றனர். ஞாயிறு பிறக்கும் இடம் என்பது அதன் பொருள். ஞாயிறு எல்லோருக்கும் கிழக்கிலேதான் எழுகிறது. ஆனால் யப்பான் கிழக்கில் இருப்பது சீனத்திலும் கொரியாவிலும் நின்று பார்ப்பவருக்குத்தான். ஆகவே நாட்டின் பெயரிலேயே அயலவரின் பார்வை கலந்திருக்கிறது.

யப்பானின் வரலாற்றைப் பேரரசர்களின் பட்டியலாகவும் போர்களின் ஆண்டுக் கணக்காகவும் படிப்பது வழக்கம். அவ்வாறு படிப்பதில் தவறில்லை. எனினும் அந்த நீண்ட வரலாற்றின் ஊடே ஒரே வினா திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம். வெளியிலிருந்து வருவதை எவ்வளவு உள்ளே விடுவது? எதை ஏற்பது, எதை மறுப்பது, ஏற்றதை எப்படித் தனதாக்கிக்கொள்வது? ஒவ்வொரு காலத்திலும் யப்பான் இதற்கு ஒவ்வொரு விடை கூறியது. சில விடைகள் அந்நாட்டை உயர்த்தின. சில விடைகள் அந்நாட்டையும் அதன் அயலவரையும் சாம்பலாக்கின. பாரெங்கும் பரந்து வாழும் தமிழ் வாசகர்களுக்கும் இந்த வினா புதியதன்று. ஆகவே யப்பானின் கதையை அந்தக் கண்கொண்டு பார்ப்போம்.

நிலமும் கடலும்

ஹொக்கைடோ, ஹொன்ஷூ, ஷிக்கோக்கு, கியூஷூ ஆகிய நான்கும் யப்பானின் பெருந்தீவுகள். ஏனையவை சிறு தீவுகள். 2023 ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு வெளியிட்ட புதிய கணக்கின்படி தீவுகளின் மொத்தத் தொகை 14,125 ஆகும். பரப்பளவு ஏறத்தாழ 3 இலட்சத்து 78 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப்போல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இப்பரப்பில் பெரும்பகுதி மலை. மூன்றில் இரண்டு பங்கு காடு. பயிரிடக்கூடிய நிலம் எட்டில் ஒரு பங்கு அளவே தேறும். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய சமவெளிகளிலேயே நெல் வயல்களும் நகரங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. எண்ணெய், இரும்பு போன்ற மூலவளங்கள் மிகக் குறைவு. இந்த வறுமை பிற்கால வரலாற்றில் எத்தகைய விளைவுகளைத் தந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

நிலத்தின் அடியிலும் அமைதி இல்லை. பூமியின் பெரும் பாறைத்தகடுகள் நான்கு சந்திக்கும் இடத்தில் யப்பான் அமைந்துள்ளது. உயிர்ப்புள்ள எரிமலைகள் நூற்றுக்கு மேல். 3,776 மீற்றர் உயரமான பூஜி மலையும் அவற்றுள் ஒன்று. அது கடைசியாகச் சீறியது 1707 இல். 1923 செப்டெம்பர் 1 ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன்னர் டோக்கியோ, யோக்கஹாமா பிரதேசத்தைத் தாக்கிய பூமியதிர்ச்சியிலும் அதனால் மூண்ட தீயிலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி பரவியதால் ஆயிரக்கணக்கான கொரியர் அந்நாட்களில் கொல்லப்பட்டனர் என்பதும் அந்த அழிவின் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்கு முன்னர் சுனாமி என்ற சொல்லை நம் மக்களில் பலர் கேட்டதில்லை. துறைமுக அலை என்பது அந்த யப்பானியச் சொல்லின் பொருள். அம்மக்கள் அதற்கு ஒரு சொல்லை ஆக்கிவைக்கும் அளவுக்கு அந்த அலை அவர்களுக்குப் பழக்கமானது. வடகிழக்குக் கரையிலுள்ள அனெயோஷி என்ற சிற்றூரில், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்ற எச்சரிக்கையைத் தாங்கிய கல் ஒன்று நிற்கிறது. 1933 ஆம் ஆண்டின் பேரலைக்குப் பின்னர் நாட்டப்பட்டது அது. 2011 மார்ச் 11 ஆம் திகதி வந்த பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின.

கடல் யப்பானுக்கு அரணாகவும் வழியாகவும் இருந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கொரியாவுக்கும் யப்பானின் பெருந்தீவுகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். புத்தகமும் துறவியும் நெல்விதையும் கடந்துவரக்கூடிய தூரம் அது. பெரும்படை கடந்துவருவது கடினம். 1274 இலும் 1281 இலும் குப்லாய்கான் அனுப்பிய மொங்கோலியப் படைகள் திரும்பிப் போயின. இரண்டாவது படையைப் புயல் சிதறடித்தது. அப்புயலைத் தெய்வக் காற்று, அதாவது கமிக்காசே என மக்கள் போற்றினர். அந்தச் சொல் ஏறத்தாழ 660 ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு கோலத்தில் திரும்பி வந்தது.

கடல் கடந்து வந்த எழுத்தும் சமயமும்

நெற்பயிர்ச் செய்கை கொரியா வழியாக வந்தது. எழுத்தும் அவ்வழியே வந்தது. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரிய அரசான பெக்சே, புத்தர் சிலையையும் சூத்திரங்களையும் யப்பானிய அரசவைக்கு அனுப்பியது. அன்னிய தெய்வத்தை ஏற்பதா என்று அரசவைக் குலங்கள் சண்டையிட்டன. ஏற்போர் கட்சி வென்றது. எனினும் மலையிலும் மரத்திலும் அருவியிலும் உறைவதாக மக்கள் நம்பிய பழைய தெய்வங்கள் துரத்தப்படவில்லை. ஷின்டோ என்ற அந்த வழிபாடும் பௌத்தமும் ஒரே முற்றத்தில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தன. இன்றும் பிறந்த குழந்தையை ஷின்டோ ஆலயத்துக்குக் கொண்டுசெல்லும் குடும்பம், இறந்தவருக்குப் பௌத்த முறையில் கிரியை செய்கிறது.

710 இல் நாரா தலைநகரானது. அங்குள்ள தோடாய்ஜி ஆலயத்தின் பெரும் புத்தர் சிலைக்கு 752 இல் கண் திறக்கும் சடங்கு நடைபெற்றபோது, தூரிகையைக் கையிலெடுத்தவர் இந்தியாவிலிருந்து சீனா வழியாகச் சென்றிருந்த போதிசேனர் என்ற துறவி. அக்காலத்தில் கதவு எவ்வளவு அகலத் திறந்திருந்தது என்பதற்கு இது சான்று.

794 இல் தலைநகர் இன்றைய கியோட்டோவுக்கு மாறியது. சீனாவுக்குத் தூதுக்குழு அனுப்பும் வழக்கம் ஒன்பதாம் நூற்றாண்டுடன் நின்றுபோனது. பெற்றதைச் செரிக்கும் காலம் தொடங்கியது. சீன எழுத்துக்கள் யப்பானிய மொழிக்கு முற்றிலும் பொருந்துவன அல்ல. ஆகவே அவற்றைச் சுருக்கி, ஒலியைக் குறிக்கும் புதிய எழுத்து வரிசைகளை உருவாக்கினர். ஆண்கள் சீன மொழியில் எழுதுவதைப் பெருமையாகக் கருதிய அக்காலத்தில், அரசவைப் பெண்கள் அந்த எளிய எழுத்தில் தம் தாய்மொழியில் எழுதினர். அவர்களுள் ஒருவரான முரசாக்கி ஷிக்கிபு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கென்ஜியின் கதை உலகின் மிகப் பழைய நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இரவல் பெற்ற எழுத்திலிருந்து சொந்த இலக்கியம் பிறந்த விதம் இது.

துப்பாக்கியும் சிலுவையும்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதிகாரம் அரசவையிலிருந்து போர்வீரர் கைக்கு மாறியது. பேரரசர் கியோட்டோவில் வணக்கத்துக்குரியவராக வீற்றிருக்க, ஷோகுன் என்ற படைத்தலைவர் ஆட்சி செய்தார். சாமுராய்கள் அவரைச் சார்ந்து நின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஏற்பாடும் குலைந்து, நாடு நூறாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போரில் மூழ்கியது.

அந்தக் குழப்பத்தின் நடுவே, 1543 இல் தனெகஷிமா தீவில் போர்த்துக்கேய வணிகர் சிலர் கரையொதுங்கினர். அவர்களிடமிருந்த துப்பாக்கியைத் தீவின் தலைவர் வாங்கினார். யப்பானியக் கொல்லர் அதைப் பார்த்துத் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர். 1575 இல் நாகஷினோப் போரில் ஓடா நொபுநாகா பெருந்தொகையான துப்பாக்கிகளைக் கொண்டு எதிரியின் குதிரைப்படையை வீழ்த்தினார்.

1549 இல் புனித பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். முத்துக்குளித்துறைக் கரையில் தமிழில் செபங்களை மனனம் செய்து மீனவ மக்களுக்குக் கற்பித்தவரும் இவரே. யப்பானில் கிறிஸ்தவம் வேகமாகப் பரவியது. நாகசாகித் துறைமுகம் அதன் நடுவிடமானது.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று நம்மவருக்கு வியப்பூட்டும். யப்பானியர் உரொட்டியைப் பான் என்பர். இலங்கைத் தமிழர் பாண் என்பர். இரண்டும் ஒரே போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தவை. யப்பானியரின் பொத்தனும் நமது பொத்தானும் அவ்வாறே. ஒரே கப்பற்கூட்டம் இரு தீவுகளிலும் கரையிறங்கியதன் தடயங்கள் இவை.

ஆனால் இரு தீவுகளின் விதி வேறாகியது. போர்த்துக்கேயர் கோட்டையையும் யாழ்ப்பாண அரசையும் தம் கைக்குள் கொண்டுவந்தனர். யப்பானிலோ நாட்டை ஒன்றுபடுத்திய தலைவர்கள், துறவியின் பின்னால் படை வரும் என்று ஐயுற்றனர். 1597 இல் ஹிடெயோஷியின் ஆணைப்படி 26 கிறிஸ்தவர் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டனர். 1600 இல் செக்கிகஹாராப் போரில் வென்று 1603 இல் ஷோகுனான டொகுகாவா இயெயாசு, 1614 இல் கிறிஸ்தவத்தை நாடெங்கும் தடைசெய்தார். 1637 இல் ஷிமாபராவில், கொடிய வரியால் நொந்த கிறிஸ்தவக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டு அவர்களின் கோட்டை வீழ்ந்து பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். 1639 இல் போர்த்துக்கேயருக்குக் கதவு அடைக்கப்பட்டது.

இரு நூற்றாண்டுத் தனிமை

யப்பானியர் வெளிநாடு செல்லத் தடை. சென்றவர் திரும்பிவரத் தடை. மீறினால் மரணதண்டனை. எனினும் கதவு முற்றாகச் சாத்தப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சீனருக்கும் கொரியருக்கும் குறித்த வழிகள் இருந்தன. ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டும், நாகசாகித் துறைமுகத்தில் விசிறி வடிவில் செயற்கையாக அமைக்கப்பட்ட டெஜிமா என்ற தீவில் இடம் கிடைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 120 மீற்றர், அகலம் 75 மீற்றர். 1641 இல் அவர்கள் அங்கு குடியமர்த்தப்பட்டனர். காவலருடைய அனுமதியின்றிப் பாலத்தைக் கடக்க அவர்களுக்கு உரிமையில்லை.

1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றி, தோம்பு எழுதி, வரி அறவிட்டு, தேசவழமையைத் தொகுப்பித்து நம்மை ஆண்டது அதே ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிதான். யாழ்ப்பாணக் கோட்டையில் ஆள்பவராக இருந்தவர், டெஜிமாவில் அடங்கி ஒடுங்கிய வணிகராக இருந்தார். டெஜிமாவின் தலைவர் எடோ நகருக்குச் சென்று ஷோகுனை வணங்கவேண்டும். 1690களில் உடன் சென்ற ஜேர்மன் மருத்துவர் எங்கல்பேர்ட் கெம்ஃபர், ஷோகுனின் பொழுதுபோக்குக்காகத் தாம் ஆடவும் பாடவும் நேர்ந்ததை எழுதிவைத்துள்ளார்.

அந்தச் சிறு சாளரத்தின் வழியே புத்தகங்கள் வந்தன. 1771 இல் சுகிதா கென்பக்கு, மயெனோ ரியோதக்கு ஆகிய மருத்துவர்கள், மரணதண்டனை பெற்ற ஒருவரின் உடல் அறுக்கப்படுவதைக் கையிலே ஒல்லாந்து நூலுடன் நின்று பார்த்தனர். நூலின் படங்கள் உடலோடு சரியாகப் பொருந்தின. பழைய நூல்கள் கூறியவை பொருந்தவில்லை. சரியான அகராதிகூட இல்லாத நிலையில் சொல்சொல்லாகப் பொருள் கண்டு மொழிபெயர்த்து 1774 இல் வெளியிட்டனர். யப்பானின் புதிய மருத்துவம் அங்கிருந்து வளர்ந்தது.

இந்த அமைதிக் காலத்தில் எடோ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மாநகரமாயிற்று. கபுக்கி நாடகம் தழைத்தது. பாஷோ ஹைக்கூவைக் கலையாக உயர்த்தினார். கோயிற் பள்ளிகள் என்று பெயர்பெற்ற திண்ணைப் பள்ளிகள் ஊரூராகத் தோன்றிச் சாதாரண மக்களுக்கும் எழுத்தறிவித்தன. நாணயத்தின் மறுபக்கம் குடியானவரின் பஞ்சமும் வரிச்சுமையும். கிறிஸ்தவர் என ஐயப்பட்டவர்கள் திருவுருவத்தைக் காலால் மிதித்துத் தம்மை நிரூபிக்கவேண்டியிருந்தது. அவ்வாறு மிதித்துவிட்டு வீட்டில் இரகசியமாகச் செபித்த குடும்பங்கள் நாகசாகியைச் சூழ வாழ்ந்தன. 1865 இல் அங்கு புதிதாகக் கட்டப்பட்ட தேவாலயத்துக்கு உராக்கமி ஊரிலிருந்து சிலர் வந்து, தமது நம்பிக்கையும் அதுவே என்று பிரெஞ்சுக் குருவானவரிடம் தெரிவித்தனர். குருவானவர் இன்றி ஏழு தலைமுறையாக அவர்கள் சமயத்தைக் காத்திருந்தனர்.

கறுப்புக் கப்பல்கள்

1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் எடோ விரிகுடாவில் வந்து நின்றார். அவற்றுள் இரண்டு நீராவிக் கப்பல்கள். சீனாவுக்கு அபினிப் போரில் நேர்ந்த கதி யப்பானியருக்குத் தெரிந்திருந்தது. 1854 இல் முதல் உடன்படிக்கையும் 1858 இல் சமனற்ற வணிக உடன்படிக்கையும் கைச்சாத்தாயின. பீரங்கியின் முன் பணிந்த ஷோகுனின் மதிப்புச் சரிந்தது. 1868 இல் டொகுகாவா ஆட்சி கவிழ்ந்து, இளம் பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதிய ஆட்சி பிறந்தது. எடோ, கிழக்குத் தலைநகர் எனப் பொருள்படும் டோக்கியோ ஆயிற்று.

பலவந்தமாகத் திறக்கப்பட்ட கதவை இனி மூடமுடியாது என்று உணர்ந்த புதிய தலைவர்கள், அதன் வழியே தாமே வெளியேறிச் சென்று கற்க முடிவுசெய்தனர். 1871 முதல் 1873 வரை அமைச்சர் இவாக்குரா தலைமையில் ஒரு பெருங்குழு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றியது. ஆட்சியின் முன்னணித் தலைவர்களே நாட்டை விட்டு அவ்வளவு காலம் கற்கச் சென்றது அபூர்வம். திரும்பும் வழியில் அவர்கள் இலங்கையின் காலித் துறைமுகத்தையும் கண்டனர்.

மாற்றங்கள் விரைந்து வந்தன. 1871 இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. 1872 இல் கட்டாயக் கல்விச் சட்டமும் டோக்கியோவிலிருந்து யோக்கஹாமாவுக்கு முதல் புகையிரதமும் வந்தன. 1873 இல் கட்டாய இராணுவ சேவை வந்தது. கடற்படைக்கு இங்கிலாந்தும் தரைப்படைக்கு ஜேர்மனியும் முன்மாதிரி. அன்னிய நிபுணர்கள் உயர்ந்த சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். உள்ளூரவர் கற்றுக்கொண்டதும் அவர்கள் அனுப்பப்பட்டனர். 1889 இல் அரசியலமைப்பு வந்தது. ஆனால் அது பேரரசரைப் புனிதராக்கியது. படைகளைப் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டனவாக்கியது. மக்கள் பிரதிநிதிகளுக்கு அடங்காத படை என்னும் விதை அங்கே ஊன்றப்பட்டது.

வளர்ச்சியின் விலையை விளிம்பில் இருந்தோர் செலுத்தினர். ஹொக்கைடோவின் ஆதிக்குடிகளான அயினு மக்கள் நிலத்தையும் வேட்டையையும் இழந்தனர். பள்ளியில் அவர்களின் மொழிக்கு இடமில்லாது போயிற்று. அவர்களை ஆதிக்குடிகள் என யப்பானியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2019 இல். அதற்குள் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலராகிவிட்டனர். தனி அரசாக விளங்கிய ரியூக்கியூ தீவுகளும் 1879 இல் ஒக்கினாவா மாவட்டமாக இணைக்கப்பட்டன.

பேரரசின் வெறி

மேற்கிலிருந்து யப்பான் கற்ற பாடங்களுள் பிறர் நாட்டைப் பிடிப்பதும் ஒன்று. 1895 இல் சீனாவை வென்று தாய்வானைப் பெற்றது. 1905 இல் ரஷ்யாவை வென்றபோது, ஐரோப்பிய வல்லரசை ஓர் ஆசிய நாடு வீழ்த்தியதென்று அடிமைப்பட்ட ஆசியா எங்கும் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி ஆறுமுன் 1910 இல் யப்பான் கொரியாவை விழுங்கியது. எழுத்தையும் புத்தரையும் தந்த நாட்டின் மக்கள் பின்னர் தம் மொழியைப் பள்ளியில் இழந்தனர். யப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளவும் நெருக்கப்பட்டனர்.

1931 இல் மஞ்சூரியா, 1937 இல் சீனா முழுவதன்மீதும் போர். நாஞ்சிங் நகரில் நடந்த படுகொலை மனிதகுலத்தின் மாபெரும் களங்கங்களுள் ஒன்று. எண்ணெய் இல்லாத நாட்டுக்கு அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

போர் நம் வாசலுக்கும் வந்தது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி நகுமோவின் விமானங்கள் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டுவீசின. 9 ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. மலாயாவில் வாழ்ந்த தமிழர் செலுத்திய விலை இதைவிடப் பன்மடங்கு பெரிது. சீயத்தையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் இரயில் பாதைக்காக, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் அடியாலும் மாண்டனர். அப்பாதையைப் பற்றிய பேச்சில் வெள்ளையரான போர்க்கைதிகள் நினைவுகூரப்பட்ட அளவுக்கு இவர்கள் நினைவுகூரப்படவில்லை.

தெய்வக் காற்றின் பெயரால் இளைஞர்கள் தம் விமானங்களோடு எதிரிக் கப்பல்களில் மோதி மடிந்தனர். 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் தீக்குண்டுகளால் எரிந்தனர். ஓகஸ்ட் 6 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவுக்குள் அங்கு இறந்தோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம். 9 ஆம் திகதி அடுத்த குண்டை ஏந்திய விமானம் கொக்குரா நகரை இலக்குவைத்துச் சென்றது. அங்கு இலக்கு கண்ணுக்குப் புலப்படாததால் நாகசாகிக்குத் திரும்பியது. குண்டு வெடித்தது உராக்கமியின்மீது. இரு நூற்றாண்டுக்கு மேல் தம் நம்பிக்கையை மறைத்துக் காத்தவர்களின் சந்ததியினர் வாழ்ந்த ஊர் அது. அங்கிருந்த ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. யப்பானிய அரசின் வாளுக்குத் தப்பியவர்களின் வழித்தோன்றல்கள், கிறிஸ்தவ நாடொன்றின் குண்டுக்கு இரையாயினர்.

சான்பிரான்சிஸ்கோவில் இலங்கையின் குரல்

அமெரிக்கப் படை 1952 வரை யப்பானை ஆண்டது. 1947 மே 3 இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு பேரரசரை நாட்டின் சின்னமாக்கியது. அதன் 9 ஆம் உறுப்புரை போரைக் கைவிடுவதாகப் பிரகடனம் செய்தது. பெண்கள் வாக்களித்த முதற்பொதுத் தேர்தலில், 1946 இல், 39 பெண்கள் தெரிவாயினர். நிலச்சீர்திருத்தம் குத்தகைக் குடியானவரை நிலவுடைமையாளராக்கியது.

1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் சமாதான மாநாடு கூடியது. இலங்கையின் பிரதிநிதியாகச் சென்ற நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன, வெறுப்பு வெறுப்பினால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தரின் போதனையை நினைவூட்டி, யப்பானிடமிருந்து இலங்கை நட்டஈடு கோராது என்றார். யப்பான் முழுச் சுதந்திரம் பெறவேண்டும் என வாதாடினார். குண்டு விழுந்த நாட்டின் பிரதிநிதி கூறியதால் அச்சொல்லுக்கு எடை இருந்தது. காமக்குராவின் பெரும் புத்தர் ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. அப்போதனையை உலக அரங்கில் எடுத்துரைத்தவரின் ஆட்சியிலேயே 1983 ஜூலையில் தமிழர் வீதிகளில் எரிக்கப்பட்டனர் என்பதை ஈழத்து வாசகர் எவரும் மறக்கமாட்டார். உயர்ந்த வாக்கைக் கடல் கடந்து கொண்டுசெல்வது எளிது. வீட்டில் அதை நிறைவேற்றுவதே கடினம்.

சாம்பலிலிருந்து எழுந்த நாடு தன் சக்தியைத் தொழிற்சாலைகளில் குவித்தது. 1950 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் டெமிங் தரக்கட்டுப்பாடு பற்றி விரிவுரையாற்றினார். அவரது நாட்டவர் செவிமடுப்பதற்கு முன்னரே யப்பானியர் செவிமடுத்தனர். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக் விழாவும் அதிவேகப் புகையிரதமும் வந்தன. 1960களின் இறுதியில் யப்பான் அமெரிக்காவுக்கு அடுத்த முதலாளித்துவப் பொருளாதாரமாயிற்று. இதற்கும் விலை இருந்தது. மினமாட்டா விரிகுடாவில் இரசாயனத் தொழிற்சாலையொன்று கலந்த பாதரசத்தால் மீனவக் குடும்பங்கள் கைகால் விளங்காது துடித்தன. 1956 இல் நோய் வெளிப்பட்டது. காரணத்தை அரசு ஒப்புக்கொண்டது 1968 இல்.

பழையதைக் காக்கும் கலை

யப்பானியப் பண்பாட்டை விளங்கிக்கொள்ள இசே ஆலயம் நல்ல சான்று. ஞாயிற்றுத் தேவதைக்குரிய அந்த ஷின்டோ ஆலயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மரத்தால் முற்றிலும் அதே வடிவில் கட்டப்படுகிறது. கடைசியாக 2013 இல் அவ்வாறு கட்டப்பட்டது. மரம் புதியது, வடிவம் பழையது. தச்சரின் கைவினை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு இவ்வாறு கைமாறுகிறது.

எழுத்திலும் இதே இயல்பு தெரியும். சீன எழுத்துடன் ஹிரகானா, கதகானா என்ற இரு வரிசைகளும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருகின்றன. அண்மைக்கால அன்னியச் சொற்களுக்குக் கதகானா ஒதுக்கப்பட்டுள்ளது. வந்த சொல்லை அவர்கள் தடுப்பதில்லை. ஆனால் வந்தது எது என்பதை எழுத்தே காட்டிவிடுகிறது. தேநீர் சீனாவிலிருந்து வந்த பானம். பதினாறாம் நூற்றாண்டில் சென் நொ ரிக்கியூ அதனைச் சிறு குடிலில், எளிய கிண்ணத்தில் பருகும் தியானமாக மாற்றினார்.

யப்பானிய மொழியில் தமிழைப்போல வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே நிற்கும். இவ்வொற்றுமையிலிருந்து மேலே சென்று, இரு மொழிகளுக்கும் உறவுண்டு எனக் கூறியவர் யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ. 2008 இல் அவர் மறையும் வரை இவ்வாய்வில் ஈடுபட்டிருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து உழைத்தனர். மொழியியலாளரில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. இலக்கண அமைப்பு ஒத்திருப்பது மட்டும் இரத்த உறவுக்குச் சான்றாகாது என்பது அவர்களின் வாதம். எனினும் யாழ்ப்பாணத்துக்கும் டோக்கியோவுக்கும் இடையே அந்த ஆய்வு அமைத்த புலமைப் பாலம் மெய்யானது.

இன்றைய வாசல்

1990களின் தொடக்கத்தில் பங்கு விலையும் நில விலையும் சரிந்தபின் பொருளாதாரம் நெடுங்காலம் தேங்கியது. 2010 இல் சீனாவும் 2023 இல் ஜேர்மனியும் யப்பானை முந்தின. 2011 மார்ச் 11 இன் பூமியதிர்ச்சியும் பேரலையும் 18,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின. ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் உருகியது. அக்கரையில் 869 ஆம் ஆண்டில் பேரலை வந்ததைப் பழைய ஏடுகளும் மண்படிவுகளும் கூறியிருந்தன. அனெயோஷியின் சிற்றூரார் கல்லுக்குக் காட்டிய மரியாதையை, அணுநிலையத்தை நடத்தியோர் ஏடுகளுக்குக் காட்டவில்லை.

இன்று யப்பானை எதிர்நோக்கும் ஆபத்து ஓசையற்றது. 2008 இல் 12 கோடி 80 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 2024 இல் 12 கோடி 40 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு பிறந்த யப்பானியக் குழந்தைகள் 7 இலட்சத்துக்கும் குறைவு. பத்துப்பேரில் ஏறத்தாழ மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். கிராமங்களில் ஆளற்ற வீடுகள் பெருகுகின்றன. முதியோரைப் பராமரிக்கவும் வயலில் இறங்கவும் கட்டடம் எழுப்பவும் கைகள் போதவில்லை. ஆகவே வெளிநாட்டவர் வருகின்றனர். 2024 இறுதியில் அவர்களின் தொகை 37 இலட்சத்தைத் தாண்டியது. வியட்நாமியரும் நேபாளியரும் இலங்கையரும் அவர்களுள் அடங்குவர். அவர்களை வரவேற்பதா, எல்லை வகுப்பதா என்பது யப்பானிய அரசியலில் சூடான விவாதமாகியுள்ளது.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக யப்பான் எழுத்தையும் சமயத்தையும் துப்பாக்கியையும் இயந்திரத்தையும் உள்ளே அழைத்துத் தனதாக்கியது. பொருளையும் கருத்தையும் ஏற்பதில் அந்நாட்டுக்கு நிகரானவர் சிலரே. மனிதரை ஏற்பது வேறு விடயம். நெல்லை விரும்பியவாறு விளைவிக்கலாம், எழுத்தை விரும்பியவாறு சுருக்கலாம். மனிதன் தன் மொழியோடும் தெய்வத்தோடும் நினைவோடும் வருவான். கொரியரையும் அயினுக்களையும் தன்னைப்போல் ஆக்க முயன்ற பழைய வழி எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை யப்பானின் வரலாறே கூறுகிறது. அந்நிய மண்ணில் கதவைத் தட்டி நின்ற அனுபவம் உடைய தமிழர், அந்த நாடு அடுத்து அளிக்கப்போகும் விடையைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். பழைய மரத்தை மாற்றிப் பழைய வடிவத்தைக் காக்கத் தெரிந்த மக்களுக்கு, புதிய மனிதரைச் சேர்த்துக்கொண்டு தம் வீட்டைக் காக்கவும் ஒரு வழி புலப்படக்கூடும்.